கொக்கிரகுளத்தில் ஒரு பகல்: குடும்பத்தோடு அறிவியல் மையம் போகிறவர்களுக்கு

அறிவியல் மையத்துக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். அரண்மனைக்கோ அணைக்கட்டுக்கோ போகும்போது அது சரியான கேள்வி. கையால் தொட்டு, திருகி, இழுத்து, சுழற்றிப் பார்ப்பதற்காகவே செய்து வைத்த பொருள்கள் இருக்கும் இடத்தில் அதைக் கேட்டால் நாள் கெட்டுவிடும். முடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் பிள்ளைகள் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த பொத்தானுக்கு ஓடுவார்கள். பெரியவர்கள் பின்னால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனோம். நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்து வயது மகன், மதினியின் பத்தாம் வகுப்புப் பையன், பிறகு என் மாமியார். அவர் பிள்ளைகளுக்கு ஆச்சி என்பதால் இங்கும் ஆச்சி என்றே எழுதுகிறேன். அதற்கு அடுத்த கோடையில் பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தோம். இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: பிள்ளைகளை முதலில் பெரிய இடத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். சிறிய இடத்தில் நிதானமாக நிற்கப் பழகிய பிறகு பெரிய இடத்துக்குப் போங்கள்.

கொக்கிரகுளம் மையம் 1987-இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியக மன்றத்தின் கீழ் இயங்குகிறது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அருகிலேயே இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது என்று நினைக்கிறேன். என் கணவர் பல வருடம் அந்தச் சாலையில் போய் வந்தவர். அவரும் உள்ளே போனதில்லை. இந்த மன்றம் தனி அமைப்பாக உருவானது 1978-இல். ஆனால் கொல்கத்தாவில் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-லேயே தொடங்கிவிட்டது. அவர்கள்தான் 1965-இல் ஒரு பேருந்துக்குள் கண்காட்சியை வைத்துக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அருங்காட்சியகம் என்றாலே "தொடாதே" பலகைதான் என்று இருந்த காலத்தில் தொடச் சொன்ன கூட்டத்தின் மூத்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் வான் மில்லர். அவர் 1903-இல் மியூனிக்கில் நிறுவிய அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களே இயக்கிப் பார்க்கும் கருவிகள் இருந்தன. 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது. அணுகுண்டு திட்டத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி இவர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பள்ளிப் பிள்ளைகளின் கை எதைத் தேடும் என்பது அவருக்கு அங்கேதான் புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இனி நடைமுறை. கிளம்புவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று திறந்திருக்குமா, கோளரங்கக் காட்சி எந்தெந்த நேரத்தில், முப்பரிமாணக் காட்சி எப்போது. காட்சிகளுக்குத் தனி டிக்கெட் இருக்கும். குறைந்தபட்சக் கூட்டம் சேர்ந்தால்தான் நடத்துவார்கள் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஆகவே உள்ளே நுழைந்ததும் காட்சி நேரத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மீதி எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். நாங்கள் காலை செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி ஜங்ஷனில் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் கொக்கிரகுளம். பிள்ளைகளுக்குக் கால் நன்றாக இருந்தால் சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தே போகலாம். 1843-இல், சுலோசன முதலியார் என்ற அரசு ஊழியர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. போகும்போது நடப்பது நல்லது; திரும்பும்போது யாருக்கும் தெம்பு இருக்காது.

தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். இது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் எங்கள் வீட்டில் இதற்குத்தான் பெரிய வாதம் நடந்தது. அறிவியல் மையங்களில் வான் டி கிராஃப் என்று ஒரு கருவியை அடிக்கடி இயக்கிக் காட்டுவார்கள். பெரிய உலோகக் கோளத்தின் மேல் கை வைத்தால் உடம்பு முழுக்க நிலைமின்னூட்டம் ஏறி, ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்குவதால் முடி குத்திட்டு நிற்கும். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை எப்படி நிற்கும்? மெல்லிய, உலர்ந்த, விரித்த முடி வேண்டும். ஆச்சிக்கு எண்ணெய் வைக்காத பெண் பிள்ளையை ரயிலில் ஏற்றுவது மானக்கேடு. கடைசியில் சடை இல்லாமல் ஒற்றை ரிப்பனில் சமாதானம் ஆயிற்று. காற்றில் ஈரம் அதிகமானால் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். அதனால் மழை நாளில் இது சரியாக வேலை செய்யாது. அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்: இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவியின் பக்கம் போகவே கூடாது. தாத்தா ஆச்சியைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்பே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. பள்ளிகளில் இருந்து சுற்றுலா வரும் கூட்டம் பொதுவாகப் பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் வந்து சேரும். சீருடையில் இருநூறு பேர் உள்ளே நுழைந்ததும், ஆசிரியரின் விசில் சத்தமும், எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கும் சத்தமும் சேர்ந்து எதையும் யோசிக்க முடியாது. அந்த நேரத்தில் நாம் வெளியே அறிவியல் பூங்காவில் இருக்க வேண்டும்; அவர்கள் பூங்காவுக்கு வரும்போது நாம் உள்ளே போய்விட வேண்டும். டிசம்பரில் இது சாத்தியம். சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் பதினொரு மணிக்குப் பூங்காவில் இருக்கும் இரும்புப் பொருள்களைத் தொட்டால் கை பொத்துவிடும். கோடையில் காலை முதல் ஒரு மணி நேரம், அல்லது நாலு மணிக்கு மேல் மட்டுமே வெளியே.

இனி நான் சொல்லப்போகும் கருவிகள் இந்த வகை மையங்களில் எங்கும் பொதுவாகக் காணக்கூடியவை. ஊருக்கு ஊர் சிறிது மாறும்.

மேலேறும் கூம்பு என்று ஒன்று உண்டு. V வடிவத்தில் விரிந்து போகும் இரண்டு தண்டவாளங்கள், விரிந்த பக்கம் சற்று உயரமாக இருக்கும். இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டிய மரத்துண்டை அதன் தாழ்ந்த பக்கத்தில் வைத்தால், அது தானாக மேட்டை நோக்கி உருண்டு போகும். மகள் அதையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். என் கணவர் விளக்கப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். இங்கே ஒரு பொதுச் செய்தி: எல்லா வீட்டிலும் ஓர் அப்பா இருக்கிறார், பலகையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டினால்தான் டிக்கெட் காசு செரிக்கும் என்று நம்புகிறவர். அவர் வாயைத் திறந்த கணமே பிள்ளை கருவியைக் கீழே வைத்துவிடும். விடை வந்துவிட்டது, இனி என்ன வேலை? நான் அவரை ஆச்சியோடு உட்கார அனுப்பிவிட்டேன். சற்று நேரம் கழித்து மகளே குனிந்து, பக்கவாட்டில் தண்டவாள மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "அம்மா, இது மேலே போகவில்லை, கீழே இறங்குகிறது" என்றாள். அதுதான் விஷயம். தண்டவாளம் விரிய விரியக் கூம்பு உள்ளே அமிழ்கிறது. அதன் நடு அச்சு உண்மையில் தாழ்ந்துகொண்டே போகிறது. பலகையில் இருந்ததும் இதுவே. ஆனால் படித்துத் தெரிந்திருந்தால் அவள் குனிந்து பார்த்திருக்க மாட்டாள்.

இதை வீட்டில் செய்யலாம். மண்ணெண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் புனல் இரண்டு வாங்கி வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளை V-ஆகப் பரப்பி, விரிந்த முனைக்கு அடியில் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். புத்தகம் தடிமனாக இருந்தால் ஏறாது. எவ்வளவு தடிமன் வரை ஏறும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

உலோகத் தகடுகளில் கை வைக்கும் கருவி குடும்பத்தோடு செய்ய ஏற்றது. ஒரு கை செம்புத் தகட்டில், மறு கை அலுமினியத் தகட்டில் வைத்தால் முள் நகரும். உள்ளங்கை வியர்வைதான் அங்கே பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தின் வேலையைச் செய்கிறது. ஈரக் கையோடு வைத்தால் முள் இன்னும் நகரும். நாங்கள் எல்லோரும் கைகோத்து ஒரு சங்கிலியாக நின்று, ஒரு கடைசியில் இருந்தவர் செம்பிலும் மறு கடைசியில் இருந்தவர் அலுமினியத்திலும் கை வைத்துப் பார்த்தோம். முள் அசையவே யோசித்தது. ஆள் கூடக் கூட மின்தடை கூடுகிறது. ஆச்சியின் உலர்ந்த கைதான் காரணம் என்று மகன் குற்றம் சாட்டினான். ஒரு வகையில் அவன் சொன்னது சரியே.

கப்பி நாற்காலிகளிடம்தான் அதிக நேரம் நின்றோம். ஒரு நாற்காலியில் ஒற்றைக் கப்பி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று நான்கு. உட்கார்ந்து கயிற்றைத் தானே இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். கப்பிகள் கூடினால் இழுக்க வேண்டிய விசை குறையும். ஆனால் கயிறு அதிகமாகக் கைக்கு வரும். விசையில் மிச்சப்படுத்தியதைத் தூரத்தில் கொடுத்துத் தீர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல், "ஒரு முழம் மேலே போக எத்தனை முழக் கயிறு இழுத்தாய்?" என்று மட்டும் கேட்டேன். மதினி பையன் அதுவரை சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான், சிறுவர்கள் விளையாடும் இடத்தில் தாங்களும் விளையாடுவது வெட்கம். ஆச்சிதான் அவனை இழுத்தார். கிணற்றில் ஒற்றைக் கப்பியில் எத்தனை வருடம் தண்ணீர் இறைத்தேன், பாரம் ஒரு துளி குறைந்ததில்லை, இந்த நாற்காலியில் மட்டும் எப்படிக் குறைகிறது என்று கேட்டார். பையனும் ஒற்றைக் கப்பி திசையை மட்டுமே மாற்றும், எடையைக் குறைக்காது என்று புத்தகத்தில் படித்தவன்தான். அவனே உட்கார்ந்து இழுத்துப் பார்த்தான். தன் எடைக்கு ஏற்ற பலம் தேவைப்படவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து வந்து யோசித்தான். விடை எளிது: கிணற்றில் பாரம் ஒரு பக்கம், இழுக்கிற ஆள் தரையில். நாற்காலியில் பாரமும் ஆளும் ஒருவரே. அவர் எடையை நாற்காலியைக் கட்டிய கயிறு ஒரு பக்கமும், அவர் கையில் பிடித்த கயிறு மறு பக்கமும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் பாதி விசை போதும். இதை அவன் ஆச்சிக்கு விளக்கிய விதத்தைப் பார்த்தபோது அவன் ஆசிரியர் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான்: அவர்களிடம் விடையைக் கேட்காதீர்கள், பெரியவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். கைபேசியையும் பிடுங்க வேண்டாம். அதில் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒரு முறை போய் வர ஏறக்குறைய இரண்டு விநாடி எடுக்கும். குண்டு கனமாக இருந்தாலும் இலேசாக இருந்தாலும் அதுவேதான். பத்து ஆட்டத்துக்கு நேரம் எடுத்துப் பார்க்கச் சொன்னால் அவனுக்கும் வேலை, நமக்கும் ஓய்வு.

ஆச்சியை ஏன் கூட்டிப் போக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். முட்டி வலி, காது மந்தம், நடக்க முடியாது, அவருக்கு அங்கே என்ன என்று. அவருக்குத்தான் அங்கே நிறைய இருந்தது. கிசுகிசுக்கும் தட்டுகள் என்று பூங்காக்களில் வைத்திருப்பார்கள். இரண்டு பெரிய குழிந்த தட்டுகள், புல்வெளியின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, எதிரெதிராக. ஒன்றின் குவியப் புள்ளியில் வாயை வைத்து மெல்லப் பேசினால், ஒலி தட்டில் பட்டு இணையாகப் பயணம் செய்து எதிர்த் தட்டில் மோதி அதன் குவியப் புள்ளியில் வந்து சேரும். அங்கே காதை வைத்திருப்பவருக்கு மட்டும் பக்கத்தில் நின்று பேசியதுபோல் கேட்கும். இடையில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. எங்கள் வீட்டில் ஆச்சியிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பேத்தி அந்தக் கோடியில் இருந்து ரகசியக் குரலில் ஏதோ சொல்ல, ஆச்சி இங்கிருந்து பதில் சொன்னார். என்ன பேசினார்கள் என்று இருவரும் எங்களிடம் சொல்லவில்லை. வெகு நேரம் பேசினார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலையைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் ஒன்றும் கேட்காது. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு வளையம் வைத்திருப்பார்கள். வளையத்துக்குள் காது வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது, தூக்கிப் பிடிக்க வேண்டும். கேட்கவில்லை என்று பலரும் ஒரு நொடியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன்.

ஆச்சியின் இன்னொரு கண்டுபிடிப்பு, சூரியக் கடிகாரம் தாமதமாக ஓடுகிறது என்பது. டிசம்பர் கடைசியில் திருநெல்வேலியில் நிழல் காட்டும் மணி நம் கைக்கடிகாரத்துக்குச் சுமார் இருபது நிமிடம் பின்னால் இருக்கும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருநெல்வேலி இருப்பது ஏறத்தாழ 77.7-இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆகவே சூரியன் இங்கே உச்சிக்கு வர 19 நிமிடம் கூடுதலாகும். இதோடு, பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் வருடத்தில் சில மாதங்கள் சூரியக் கடிகாரம் முந்தும், சில மாதங்கள் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துவதால் நம்மூரில் வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடம்தான். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துவதால் வித்தியாசம் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த முந்தல் பிந்தல் பூஜ்யத்துக்கு அருகில் வருகிறது. ஆகவே அப்போது தெரிவது ஊரின் இருப்பிடத்தால் வரும் வித்தியாசம் மட்டும். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு இது ஒரு நல்ல கணக்கு.

ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வயதுக்கு ஒன்றரை மணி நேரம்தான். அதற்குமேல் அழுகை. கை எட்டாத உயரத்தில் இருக்கும் கருவிகள், படிக்க முடியாத பலகை, அக்கா மட்டும் செய்கிறாள் என்ற கோபம் எல்லாம் சேரும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் பிரிந்துவிடுங்கள். ஒருவர் சின்னவனோடு பூங்கா ஊஞ்சலில், ஒருவர் பெரியவர்களோடு உள்ளே. பிறகு மாற்றிக்கொள்ளலாம். குடும்பம் முழுக்க ஒன்றாகவே நகர வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், எல்லோரும் மிகச் சிறியவனின் பொறுமைக்கு ஏற்ப ஓட வேண்டி வரும். சுழல் மேடையில் ஏற்றுவதைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கையில் எடையோடு கைகளை விரித்துச் சுழன்று, மடக்கியதும் வேகம் கூடும் அந்த மேடையில் பிள்ளைகள் இறங்கவே மாட்டார்கள். புளியோதரை சாப்பிட்ட கையோடு ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புடவை, துப்பட்டாக்காரர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

கோளரங்கக் காட்சியில் விளக்கை அணைத்ததும் சின்னவர்கள் பயப்படுவார்கள். கதவுக்கு அருகில் உட்காருங்கள். முன்பே வீட்டில் விளக்கை அணைத்து, கண் பழகும்வரை காத்திருந்து பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. அன்று இரவு ஊர் திரும்பியதும் மொட்டை மாடிக்குப் போனால் கற்றது நிற்கும். டிசம்பர் இரவில் கார்த்திகைக் கூட்டமும் அதைத் தொடர்ந்து ஓரையன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டமும் மேலே வந்திருக்கும். ஓரையனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை யாரும் தவறவிட மாட்டார்கள்.

வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட ஒரு மையத்தில் பாதிக் கருவிகளில் "பழுது" என்று அட்டை தொங்கியது. மீதிப் பாதியை என் பையன் தொட்டபோது காவலர் அதட்டினார். தொடுவதற்காகச் செய்த பொருளைத் தொட்டதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை, அடுத்த அறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஆயிரக்கணக்கான கைகள் தினமும் இழுக்கும் பொருள் பழுதாவது இயல்பு. அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா என்பதுதான் நல்ல மையத்துக்கு அடையாளம். இப்படி நேர்ந்தால் பழுதான கருவிகளுக்கு முன்னாலேயே நின்று, "இது ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வெளியே வரும்போது வருகைப் பதிவேட்டில் எந்தக் கருவி, எந்த அறை என்று குறிப்பிட்டு எழுதிவிட்டு வாருங்கள்.

பெங்களூருக்கு வருகிறேன். சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் பெயரில் கஸ்தூர்பா சாலையில் இருக்கும் அருங்காட்சியகத்தின் கட்டடத்தை 1962-இல் நேரு திறந்து வைத்தார்; முதல் கூடம் 1965-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. திருநெல்வேலிக்காரர்கள் நாகர்கோவிலில் இருந்து வரும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் போய் இறங்கலாம். பெட்டிகளை ரயில் நிலையப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டுப் போங்கள். மெட்ரோவில் ஊதாப் பாதையில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். அதே பாதையில் "சர் எம். விஸ்வேஸ்வரய்யா" என்றே ஒரு நிலையம் உண்டு, பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் அருங்காட்சியகம் கிடைக்காது. அதே பெயரில் பையப்பனஹள்ளியில் ஒரு ரயில் முனையமும் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே கவனியுங்கள்.

அங்கே பலகைகள் கன்னடம், இந்தி, ஆங்கிலம். ஆச்சியால் எதையும் படிக்க முடியாது என்பது கொக்கிரகுளத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். மாடிமேல் மாடியாகக் கூடங்கள். ஒரே நாளில் எல்லாம் என்று போனால் தோற்போம். நாங்கள் இயந்திரக் கூடத்தையும் விளையாட்டு அறிவியல் கூடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். இயந்திரக் கூடத்தில் உண்மையான எஞ்சின்களை வெட்டி உள்ளே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் எங்கே, வால்வு எங்கே என்று பார்த்த மதினி பையன், ஊருக்கு வந்ததும் மாமாவின் பழைய ஸ்கூட்டரைப் பிரிக்க அனுமதி கேட்டான். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் படுத்துக்கொண்டு ஓட்டினார்கள் என்பதை மகன் நம்பவில்லை. கட்டடத்துக்கு வெளியே நிற்கும் மாருத் போர் விமானத்தையும் பலர் கவனிக்காமல் தாண்டுகிறார்கள். கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் வடிவமைக்க, பெங்களூரிலேயே கட்டி 1961-இல் முதலில் பறந்தது அது. இரண்டு விமானங்களுக்கும் இடையில் 58 ஆண்டுகள்தான் என்பதை மகளே கழித்துச் சொன்னாள்.

அங்கே மற்றக் குடும்பங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் பிள்ளைகள் ஒரு கருவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கொக்கிரகுளத்தில் பழகிய பழக்கம். பார்க்காமல் விட்ட கூடங்களைப் பற்றி ஒருவரும் புலம்பவில்லை.

சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழிலும் காட்சி உண்டு. அருகிலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். அலுத்துப்போன பெரியவர் ஒருவர் அங்கே போய்க் குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். அடுத்த விடுமுறையில் அங்கே போகத் திட்டம் போட்டிருக்கிறோம். மதினி பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், மாமா பலகை படிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.